சீட்டில் இல்லாத எட்டு வருடம்

ஹாஸெமுக்கு,

உன் தங்கை இனாஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருப்பவன் டாக்டர் ஷுக்ரி. சந்தேகப்பட்டு எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். நீயும் மனைவியும் பிள்ளையும் அந்தப் பனி ஊரில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். இங்கே நான் சுகம் என்று எழுதினால் பொய், படுத்துவிடவில்லை என்பது மட்டும் உண்மை. மூன்று முறை போன் செய்தேன். குரல் செய்தி அனுப்பினேன், நீ கேட்டுவிட்டதற்கான நீல அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை. அதனால்தான் காகிதம். இதை நீ அணைத்து வைக்க முடியாது.

முதலில் அவளைப் பற்றி. புற்று வந்த பெருங்குடலை முழுவதும் எடுத்துவிட்டார்கள், வயிற்றில் மலப் பை தொங்குகிறது, புற்று கல்லீரலிலும் இரண்டு புள்ளியாக இருக்கிறது. மூன்றாவது சுற்று மருந்து ஏறியதிலிருந்து குளிர்ந்தது எது பட்டாலும் விரலில் ஊசி குத்துகிறதாம், நம் மன்ஸூரா ஊரின் இந்த வெயிலில் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் மெத்வலியிடம், ஃப்ரிட்ஜைத் தொடக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க, இனி சமையல் உன் பாடு என்று சிரிக்கிறாள். அவன் இஸ்திரிக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து பையைக் கழுவுகிறான். நான் கழுவுகிறேன் என்றால், ஊரான் வீட்டு அழுக்கையெல்லாம் வெளுக்கிறேன், என் பொண்டாட்டியோடது மட்டும் கசக்குமா அத்தை, விடுங்க என்கிறான். இந்த மனிதனுக்குத் தெரியக் கூடாது என்றுதான் நாம் அவளுடைய குடல் புண்ணை மறைத்தோம். கல்யாணமான முதல் மாதமே அவள் மாத்திரையைப் பார்த்துவிட்டு அவன் கேட்டது உனக்குத் தெரியாது. இதையா ஒளிச்சு வெச்சீங்க, எங்க வீட்ல ஆளுக்கு ஒரு வியாதி இருக்கு என்றானாம்.

இப்போது மெழுகுக் கட்டிகளுக்கு வருகிறேன். ஏழு வருடம் முன்பு, நிச்சயதார்த்தம் முடிந்த வாரம், ஷுக்ரி குழாய் விட்டுப் பார்த்து அவள் குடலில் எட்டு இடத்தில் சதை கிள்ளி எடுத்தானே, அந்த டப்பாவை லேபுக்குக் கொண்டுபோனவன் நீ. சாதாரண அழற்சி, பயமில்லை என்ற ரிப்போர்ட்டோடும், அந்தச் சதைத் துண்டுகளைப் பதித்த எட்டு மெழுகுக் கட்டிகளோடும் திரும்பி வந்தாய். கட்டிகளை ஈத் பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரி மேல் வைத்தேன், ரிப்போர்ட்டை நம்பினேன், அத்தோடு மறந்தேன். இப்போது இனாஸின் புற்றுக் கட்டியை அறுத்த பிறகு, புது லேபில் இருக்கும் டாக்டர் நகாத் பழையது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். டின்னோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டாள், கதவைச் சாத்தினாள். ஒரு மரபணு இருக்கும்மா, செல்லு கெட்டுப்போனா நில்லுன்னு தடுக்கிற காவக்காரன் மாதிரி. மத்தவங்களுக்கு வர்ற குடல் புற்றுநோயில பெரும்பாலும் அவன் கடைசிப் பக்கமாத்தான் விழுவான், குடல் வருஷக்கணக்கா புண்ணா இருக்கிறவங்களுக்கு முதல்லயே விழுந்துடுறான், கண்ணால பார்த்தா ஒண்ணும் தெரியாது என்றாள். எட்டுத் துண்டில் இரண்டில் அன்றைக்கே அந்தக் காவல்காரன் விழுந்து கிடந்தான். அன்று கெட்டதும் இன்று அறுத்ததும் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த மரபணுவுல அதே இடத்துல அதே எழுத்து மாறியிருக்கும்மா, தனித்தனியா வந்ததுன்னு சொல்ல வாய்ப்பே இல்லை என்றாள். முப்பது வருடம் பள்ளிச் சீருடை வெட்டிய எனக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அட்டை மாதிரியில் ஓர் ஓரம் பிசகினால் அதை வைத்து வெட்டிய ஐநூறு சட்டையிலும் அதே ஓரம் பிசகும். ஏழு வருடம் அந்தப் பிசகு அவளுக்குள் வெட்டிக்கொண்டே இருந்தது. அப்போதே தெரிந்திருந்தால் வருடா வருடம் பார்த்திருப்பார்கள், கட்டி வருமுன் குடலை எடுத்திருப்பார்கள். பை அப்போதும் தொங்கியிருக்கும், கல்லீரல் சுத்தமாக இருந்திருக்கும்.

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து இனிப் பயமில்லை என்று அவளை அனுப்பியவன் ஷுக்ரி, நகாத் சொன்ன நாளிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் அவன் கிளினிக்கில் போய் உட்காருகிறேன். மூன்று தெருவில் மூன்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறான், நான் நடுவில் உள்ள தெருவின் கிளினிக்கில் உட்காருகிறேன். வருகிறவர்களிடம் இனாஸின் இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டுகிறேன். நர்ஸ் வந்து, ஹாஜ்ஜா, உங்களுக்கு நம்பர் இல்லையே, எழுந்திருங்க என்றாள். என் பொண்ணுக்கு ஏழு வருஷம் முன்னாடியே நம்பர் குடுத்துட்டாரும்மா, அது எப்ப வருதுன்னு பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கேன் என்றேன். அன்று நான்கு பேர் எழுந்து போனார்கள். அந்த நான்கு காலி நாற்காலியைப் பார்த்தபோது வந்த நிம்மதி எனக்குத் தொழுகையில்கூட வரவில்லை, இறைவன் மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டாலும் சரி. டாக்டர்கள் சங்கத்தில் புகார் கொடுத்தேன். அவன் பலகை மூன்றும் இறங்க வேண்டும். அவன் பிள்ளைகள் பள்ளியில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் வாயடைத்து நிற்க வேண்டும். இதைக் குறைத்து எழுத எனக்கு மனசில்லை.

போன வாரம் முதல் விசாரணை. ஷுக்ரி பழைய சீட்டின் நகலை மேசையில் வைத்தான், அன்று டப்பாவோடு லேபுக்குப் போன சீட்டு. அவன் கையெழுத்துதான். பெயர், வயது இருபத்திரண்டு, திருமணமாகாதவர், இரண்டு வாரமாக வயிற்றுப்போக்கு. அவ்வளவுதான். பதினாலு வயதிலிருந்து ரத்தம் போன எட்டு வருடம் அதில் இல்லை. எட்டு வருடப் புண் என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் துண்டுகளை வேறு கண்ணால் பார்த்திருப்பார்கள், கெட்ட செல்லைக் காட்டும் வேறு சாயம் போட்டிருப்பார்கள் என்கிறாள் நகாத். ஏன் எழுதவில்லை என்று குழு கேட்டதும் அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். மாப்பிள்ளையோட சித்தி அந்த லேப்ல டைப் அடிக்கிறாங்க, வியாதிப் பேரு வேண்டாம் டாக்டர்னு இவங்க பையன்தான் வந்து நின்னான். நீங்க கல்யாணம் கேட்டீங்க ஹாஜ்ஜா, நான் கல்யாணம் குடுத்தேன் என்றான். குழுவில் ஒருவன் குனிந்து சிரித்தான்.

ஹாஸெம், அந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது என்று உன்னிடம் சொன்னவள் நான். மாடிப்படியில் நின்று பேசாதே, உன் நண்பர்களிடம் உளறாதே என்ற அர்த்தத்தில் சொன்னேன். டாக்டரின் பேனாவைப் பிடி என்று சொல்லவில்லை. ஆனாலும் என் வாயிலிருந்து கிளம்பியதுதான், அதை இரண்டாவது விசாரணையில் நானே சொல்லப்போகிறேன். ஒரு பெண்ணின் குடலை விட அவள் சம்பந்தம் பெரிது என்று நினைக்கும் ஊரில் நானும் ஒருத்தியாக இருந்தேன், அதற்கான தண்டனையை நான் தினம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்னைத் தப்பவைக்க நான் பொய் சொல்லமாட்டேன், உன்னைக் காட்டி அவன் தப்பவும் விடமாட்டேன். நீ கேட்டிருந்தால் இருபத்தைந்து வயது முட்டாளாகக் கேட்டாய். அவன் டாக்டர், தெரிந்தே எழுதாமல் விட்டான். நீ கேட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், தெரிந்தேதான் விட்டான் என்பதற்கு நீ சாட்சி, அந்தக் காகிதமே அவன் கழுத்துக்குக் கயிறு. நீ கேட்கவில்லை என்றால் அவன் பொய்யனும் ஆகிறான், அதுவும் எனக்குப் போதும். நீ பேசாமல் இருந்தால் மட்டும்தான் அவன் பிழைப்பான். இனாஸிடம் சீட்டைக் காட்டினேன். அண்ணன் வெட்கப்படுவான்மா, ஆனா எழுதுவான் என்றாள். எப்போது பதில் வரும் என்று நேற்றும் கேட்டாள்.

பனியில் காதை மூடிக்கொண்டு போ. பிள்ளைக்குப் பாட்டியின் முத்தம். கூடப் பிறந்தவர்களுக்கும் இந்தக் குடல் நோய் வர வாய்ப்பு உண்டாம், உனக்கு ரத்தம் கண்டால் வெட்கப்படாமல் போ, அங்கே டாக்டர் எழுதும் சீட்டை நீயே ஒரு தடவை படி, ஒரு வருடத்தையும் விட்டுவிட விடாதே. இறைவன் உன்னை நோயிலிருந்து காக்கட்டும். விசாரணை வரும் பதினேழாம் தேதி.

உன் அம்மா,
சவ்ஸன்

கேட்டது நீயா, இல்லையா? உன் கையால் எழுது.