வர்க்கிக்குச் சட்டை

ஜூலை 7, திங்கள்

மழை. விடியுமுன் ஆரம்பித்தது, இன்னும் விட்டபாடில்லை. போன வாரம் துவைத்த துணி எல்லாம் இன்னும் ஈரம். அடுப்புக்குப் பக்கத்தில் கயிறு கட்டி இவர் சட்டைகளைத் தொங்கவிட்டேன். போகிற இடமெல்லாம் மனிதர் வர்க்கி வாசம் அடிப்பார். காசில்லாத விளம்பரம்.

இன்றைய வேலை: வனஸ்பதி டின் சொல்ல. ரவை சலிக்க. கரண்ட் பில். பாக்கெட் வாசகம்.

கடைசியாக எழுதியதுதான் உயிரை வாங்குகிறது. மசினகுடியில் ஒரு ரிசார்ட். தங்க வருகிறவர்களின் அறையில் டீயோடு தின்ன வைக்க நம் மொறுமொறு வர்க்கியைக் கேட்கிறார்கள். சனிக்கிழமைக்குள் மாதிரிக்கு ஒரு பாக்கெட் போக வேண்டும். முன்பக்கம் கடைப் பெயர். பின்பக்கம் 'உங்கள் கதை', நாலு வரி. பெர்ன்ஹில் ஸ்டெல்லா டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து கம்ப்யூட்டரில் லேபிள் போட்டுத் தருகிறார். போனில் கேட்டார்:

"ஏனுங்க மும்தாஜ், ஊட்டியில தடுக்கி விழுந்தா வர்க்கிக் கடை. உங்க வர்க்கியில மத்தவங்ககிட்ட இல்லாதது என்னங்க? அதை மட்டும் சொல்லுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்."

ரவை சலிக்கும்போதெல்லாம் அதே யோசனை. என்னதான் இருக்கிறது?

இவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "ஒரிஜினல். எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை. அவ்வளவுதான், எழுதிக்கோ."

சிரித்துவிட்டேன். அல்வாக் கடை, புடவைக் கடை என்று எல்லாக் கடை போர்டிலும் இருக்கிற வரி. பிறகுதான் சிரிப்பு நின்றது. மெயின் பஜாரில் இதே பெயரில் இன்னொரு கடை இருக்கிறது. இவர் அத்தா, என் மாமனார் பெயர்தான் அங்கேயும், கல்லாவுக்கு மேல் அதே போட்டோ. இவருடைய கூடப்பிறந்த சுலைமான் அண்ணன் கடை. இந்த வரி அச்சில் ஏறினால் அண்ணன் கடை போலி என்று நாமே ஊருக்குச் சொன்ன மாதிரி. வாய்ச்சண்டை நாளைக்கே மறந்துபோகும். பாக்கெட்டில் போட்டது போகாது. அப்புறம் அண்ணன் மனைவி ஜெரினா அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பது?

சொன்னேன். "அவன் முகத்துல நான் முழிச்சே ஒரு வருசமாச்சு" என்றார். பதிலே இல்லாத பதில்.

ஜூலை 8, செவ்வாய்

மழை கொஞ்சம் விட்டது, மூடுபனி பிடித்துக்கொண்டது. எதிர்க் கடை தெரியவில்லை. மதியம் வரை யோசித்ததில்:

– மலைக்காற்றில் புளித்த மாவு. (இவர்: "அப்ப மூடி வைக்க மாட்டீங்களான்னு கேப்பாங்க.")
– அன்போடு சுட்டது. (டீச்சர்: "எல்லாரும் அன்போடதான் சுடறாங்க.")
– மொறுமொறுப்பு மாறாதது. (பச்சைப் பொய். இந்தப் பனியில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத் தும்மினால் நமத்துவிடும்.)
– டீயில் நனைத்தாலும் உடையாது. (உண்மைதான். ஆனால் சிமெண்ட் விற்கிற மாதிரி இருக்கிறது.)

எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். கோபம் கோபமாக வந்தது. வாயில் போட்டால் தெரிகிற விஷயத்துக்கு எதற்கு வசனம்?

சாயங்காலம் ஒரு கோயமுத்தூர் அம்மா கடைக்கு வந்தார். "ஏனுங்க, பஜார்ல இருக்கற பழைய கடைதானுங்களா இது?"

இவர், "அது வேறங்க, இது வேற."

"பேரு ஒண்ணாவே இருக்குதுங்களே?"

அந்த அம்மா அரைக் கிலோ வாங்குவதாக இருந்தவர், கால் கிலோ போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் முகம் சுருங்கிவிட்டது. "பாத்தியா? இதுக்குத்தான் அந்த வரி வேணும்கறேன்." அந்த நேரத்தில் இவர் பக்கமும் நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. புதுக்கடை வைத்தவனுக்குத் தினமும் இந்தக் கேள்வி என்றால் யாருக்குத்தான் வலிக்காது.

அண்ணனும் இவரும் பிரிந்ததும் பாக்கெட்டால்தான். சேர்ந்திருந்த காலத்தில் அண்ணன் உள்ளே மாவிலும் அடுப்பிலும், இவர் கல்லாவில். அழகான பாக்கெட்டில் போட்டு ரிசார்ட்டுக்கெல்லாம் கொடுக்கலாம் என்று இவர் ஒரு நாள் ஆரம்பித்தார். அண்ணன் நியூஸ்பேப்பர் பையை உதறிக்கொண்டே, கடை நிறைய ஆள் இருக்கும்போது, "வர்க்கிக்கு எதுக்குடா சட்டை?" என்றார். கடையே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் பஜார் முழுக்க அதே பேச்சு. இவரைப் பார்த்தால், "என்ன பாய், வர்க்கிக்கு அளவு எடுத்தாச்சா?" அந்த ஒரு சொல் இவருக்குள் தைத்துவிட்டது. அந்த மாதமே தனிக்கடை.

கடை வந்த பிறகு மாவு வேலை என் தலையில். கைக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆயிற்று. இப்போது பிடித்திருக்கிறது, சொல்லிக்கொள்வதில்லை.

நாளை: கேத்தியில் தங்கச்சி வீடு. அவள் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. வியாழன்: உணவுப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார். பாக்கெட் போட்டால் லைசென்ஸ் வேண்டும். பாத்திரமெல்லாம் தேய்க்கிறேன் என்று இவர் ஒத்துக்கொண்டார். அதிசயம்.

ஜூலை 9, புதன்

எழுதினால் மனசு ஆறும் என்று எழுதுகிறேன்.

கேத்தியிலிருந்து கேரட், கோஸ் எல்லாம் தூக்கிக்கொண்டு மதியம் வந்தேன். கடையின் பின்கட்டு பளபள என்று இருந்தது. ஒரே ப்ளீச்சிங் பவுடர் வாடை. இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவர் போல நின்றார். அடுப்போரம் பார்த்தேன். மாவா ஜாடி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"இதுல இருந்தது எங்கங்க?"

"அந்தப் புளிச்சதா? கொட்டிட்டேன். என்னா நாத்தம்! ஆபீசர் மோந்து பாத்தார்னா லைசென்ஸ் கிடைக்குமா?"

வாழைப்பழம், ரவை, சர்க்கரை, மைதா சேர்த்துப் புளிக்கவிட்டதுதான் மாவா. அன்றாட மாவில் அதைச் சேர்த்தால்தான் வர்க்கி வரும். எடுத்த அளவுக்குப் புதிதாக ஊட்டி வைத்தால் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும், தீராது. வர்க்கிக் கடைக்காரர் மகன், பிறந்ததிலிருந்து அந்த வாசத்தில் வளர்ந்தவர், அதை நாற்றம் என்று சாக்கடையில் கொட்டியிருக்கிறார். கல்லாவிலேயே இருந்தவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. நானும் சொல்லி வைக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத்தானே தெரியும்.

புதிதாகப் புளிக்க வைக்கலாம். இந்தக் குளிரில் அது எழுந்து, ருசி பிடித்து, சனிக்கிழமைக்குள் நடக்காது.

இவர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, "வேற செஞ்சுக்கலாம்ல? செஞ்சுக்கலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திட்ட வாய் வரவில்லை. கையெல்லாம் ப்ளீச்சிங் பவுடரில் வெந்து சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

மழை. அதிகாரி வந்தார், பார்த்தார், "சுத்தமா வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சுத்தம்தான். துடைத்து வைத்த மாதிரி.

கடையில் விற்கிற ஈஸ்ட் போட்டுப் பார்த்தேன். வர்க்கி வரவில்லை, பன் வந்தது. உப்பிப்போய், அடுக்கே இல்லாமல். இவர் ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார். மெல்ல மெல்ல முகம் மாறியது. "இது நம்ம வர்க்கி இல்ல" என்றார். அதைக் கண்டுபிடிக்கவாவது தெரிந்ததே.

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. சொல்லிவிட்டேன். பிரிந்து வந்த அன்று, சாமான் ஏற்றிய ஆட்டோவில் நான் உட்கார்ந்ததும் ஜெரினா அக்கா முந்தானைக்குள்ளிருந்து மூடி போட்ட ஒரு தூக்குப்போசியை எடுத்து என் மடியில் வைத்தார். "ஊட்டுக்குப் போனதும் அடுப்போரமா வச்சிடு கண்ணு. எடுத்தா ஊட்டி வையி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நம் கடை வர்க்கி எல்லாம் அந்தத் தூக்குப்போசியில் இருந்த மாவாவிலிருந்து வந்ததுதான்.

இவர் பிட்ட பன்னைத் தட்டில் திரும்ப வைத்தார். பிறகு, "அப்ப ஒரு வருசமா அவன் மாவைத்தான் வித்துட்டிருக்கனா?"

"உங்க அத்தா மாவுங்க அது. ரெண்டு பேருக்கும் பொதுதானே."

"ஒரிஜினல்னு போடச் சொன்னேனே" என்றார். பரிதாபமாக இருந்தது. நான் அக்காவிடம் போய்க் கேட்டு வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். ரிசார்ட்டுக்கு முடியாது என்று சொல்லிவிடலாமாம். கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து போர்த்திப் படுத்துவிட்டார்.

டீச்சர் போன்: "வாசகம் என்னாச்சுங்க?" நாளைக்கு என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

எழுத நிறைய.

காலையில் இவர் குளிக்கப் போன சமயம் அக்காவுக்குப் போன் போட்டேன். அடக்கிவைத்த அழுகையெல்லாம் வந்துவிட்டது. மாவா, ப்ளீச்சிங் பவுடர், ரிசார்ட், எல்லாம் சொன்னேன். அந்த 'வேறு கிளைகள் இல்லை'யையும் சொல்லிவிட்டேன்.

பிறகு அக்கா சொன்னார்: "இந்தத் தடவை நான் ஒளிச்சுத் தர மாட்டேன் கண்ணு."

"சரிக்கா."

"போன தடவையும் நான் ஒளிச்சுத் தரல. அந்தப் போசியில மாவாவை ஊத்தி மூடினதே உங்கண்ணன்தான். 'நீ குடு, நான் குடுத்தா வாங்க மாட்டான்'னாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னும் சொன்னாரு. இன்னிக்குச் சொல்லிட்டேன்."

போனை வைத்த பிறகும் அடுப்பு முன்னாலேயே நின்றேன். ஒரு வருஷமாக அந்த மனிதரைப் பஜாரில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

இவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவிப்பதற்குள் இவர் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். வழக்கமாகத் திரும்புகிற நேரம் தாண்டிற்று. மழை வேறு. கடைசியில் வந்தார். தொப்பி நனைந்து, கையில் தூக்குப்போசி. அதே தூக்குப்போசி, நான் அப்போதே அக்காவுக்குத் திருப்பி அனுப்பியது.

நடந்தது, இவர் சொன்னபடி: பள்ளிவாசலில் பயான் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. செருப்பு விடுகிற பக்கத்திலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். ஏதோ உருண்டு போய் விழுகிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பின்னாலேயே புளித்த வாழைப்பழ வாசம். முன் வரிசையில் சுலைமான் அண்ணன், பின் வரிசையில் இவர், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்துவிட்டார்கள். மாவா பொங்கி மூடியைத் தள்ளியிருக்கிறது. அக்கா சொல்லி அண்ணன் எடுத்து வந்தது, அதைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொழுகைக்கு வந்திருக்கிறார், முடிந்ததும் கொடுக்கலாம் என்று.

தொழுகை முடிந்து வெளியே வந்து ஆளுக்கொரு பக்கம் மூடியைத் தேடினார்களாம். யாரோ ஒருவர் ஷூவுக்குள் கிடந்ததாம்.

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"'இறுக்கி மூடாதடா, அதுக்கு மூச்சு முட்டும்'னான்."

"நீங்க?"

"சரிண்ணேன்னேன்."

ஒரே குடையில் மார்க்கெட் முக்கு வரை நடந்திருக்கிறார்கள். ஆட்டோவில் அக்கா மடியில் வைத்த போசியை யார் நிரப்பினார் என்பதை அப்புறம் சொன்னேன். இவர் முகம் கழுவப் போனவர் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

ஜூலை 12, சனி

வெயில்! கொஞ்ச நேரம்தான். துணியெல்லாம் வெளியே.

வர்க்கி வந்துவிட்டது. அடுக்கடுக்காக, ஓரம் சிவந்து, நம் வர்க்கி. இவர் முதல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மூலையில் நின்று தின்றார். ஜாடி முன்னால் இவரை நிறுத்தி நானே செய்து காட்டினேன்: இவ்வளவு எடுத்தால் இவ்வளவு ஊட்ட வேண்டும். இவர் மூக்கைச் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்.

வாசகத்தை இவரே எழுதினார். கல்லாவில் உட்கார்ந்து, பில் புக்கின் பின்பக்கம். நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. டீச்சருக்குப் படித்துக் காட்டினேன்.

"ஏனுங்க, பாக்கெட்ல போய் யாராச்சும் அடுத்த கடைக்கு வழி சொல்லுவாங்களா?"

"மத்தவங்ககிட்ட இல்லாதது என்னன்னு கேட்டீங்களே டீச்சர்."

டீச்சர், "அதுவும் சரிதானுங்க" என்றார். மத்தியானம் லேபிள் கைக்கு வந்துவிட்டது. மசினகுடி போகிற ஜீப்பில் மாதிரி பாக்கெட் ஏற்றியாயிற்று. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். மாற்றப் போவதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடி மூடுபனி. ரிசார்ட்டிலிருந்து பதில் இல்லை.

கழுவிய தூக்குப்போசியும் முதல் பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மெயின் பஜார் போனோம். இவர் கடை வாசலிலேயே நின்றுவிட்டார், குடையை மடிக்கிறேன் என்று. மடித்துக்கொண்டே இருந்தார். அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். நான் பாக்கெட்டை அண்ணன் கையில் கொடுத்தேன். மாவுக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். திருப்பினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார், கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்க:

"எங்கள் அத்தா கற்றுத் தந்த வர்க்கி இது. இதே மாவு, இதே ருசி, ஊட்டி மெயின் பஜாரில் என் அண்ணன் கடையிலும் கிடைக்கும். அங்கே சட்டை போடாமல்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் இன்னொரு தடவை, இப்போது மனசுக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். வாசல் பக்கம் பார்க்காமலேயே சத்தமாகச் சொன்னார்:

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குடா. பெருசாப் போடச் சொல்லு."