திருக்கை குத்தின தழும்பு

அன்புள்ள அக்கா,

நீங்கள் போன் எடுக்கிறீங்கள் இல்லை, அதாலதான் எழுதுறன். செத்தவீட்டில நான் செய்த வேலையை நினைச்சால் கண்ணாடியில முகம் பாக்க ஏலாமக் கிடக்கு.

எல்லாரும் செபமாலை சொல்லேக்க, அப்பாவின்ர மரண அறிவித்தல் நோட்டீசுக்குப் பின்பக்கத்தில, பெட்டியில கிடந்த அவற்ர கையைப் பென்சிலால படமாக் கீறினனான். வேணுமெண்டு தொடங்கேல்ல. நான் எந்தநாளும் கீறுற பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்கு முன்னால இருந்தால் பென்சில் எப்பிடித் தானா ஓடுமோ, அப்பிடி ஓடினது. நரம்பெல்லாம் வேர் மாதிரித் தெரிஞ்சது. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்கு அழுகை வரேல்ல. சந்தோசமா இருந்தது.

நீங்கள் எட்டிப் பாத்திட்டு, "அப்பாவும் உனக்கு ஒரு மரமோடி?" எண்டு கேட்டீங்கள். அடக்கம் முடிஞ்ச கையோட வவுனியாவுக்குப் போயிட்டீங்கள்.

கிழிச்செறிவம் எண்டுதான் நேற்று அதை எடுத்தனான். பாத்தால், படத்தில ஒரு பிழை. வலையில வந்த திருக்கை மீன் குத்தி அப்பாவின்ர கையில ஒரு தழும்பு இருந்ததெல்லே, அதைக் காணேல்ல. செபமாலை சுத்தியிருந்ததால மறைஞ்சிட்டுது. அந்த மரத்தில எந்தக் கொப்பு எங்க முறிஞ்சதெண்டு கண்ணை மூடிக்கொண்டு கீறுவன். அப்பா உயிரோட இருக்கேக்க அவற்ர கையை நான் ஒருநாளும் வடிவாப் பாக்கேல்ல அக்கா.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வாங்கோ. வந்து ஏசுங்கோ, நான் வாய் திறக்கமாட்டன்.

அந்தக் காயத்துக்கு மருந்து கட்டினது நீங்கள்தானே. கேக்க வெக்கமாக் கிடக்கு. தழும்பு பெருவிரல் பக்கமோ, சின்னவிரல் பக்கமோ?

உங்கட தங்கச்சி