முட்டை ஊறிய நீர்

1934 பிப்ரவரி 5, திங்கள்

காலையில் பனி. கல்லூரிக்குப் பாலவாக்கத்து மீனவன் சவரி கடல் முள்ளெலி கொண்டுவந்தான், உடம்பெல்லாம் முள்ளாக உருண்டை உருண்டையாய். வாளியில் பன்னிரண்டு. இரண்டு செத்தவை.

“துன்றதுக்கும் ஆவாது, விக்கறதுக்கும் ஆவாது. இத்த வச்சிக்கினு இன்னா சாமி பண்றீங்க?”

“குழந்தை எப்படி உண்டாறதுன்னு பார்க்கறோம்.”

சிரித்தான். அவனுக்கு ஐந்து குழந்தைகள்.

வாங்க: காப்பிக்கொட்டை, வடிதாள், அம்மாவுக்குத் தைலம்.

வீட்டில் அம்மா: “கல்யாணமாகி எட்டு வருஷம் பொறுத்தாச்சுடா, ஒரு குழந்தை இல்லை. ஞாயித்துக்கிழமை சைதாப்பேட்டைல உனக்கு இன்னொரு பொண்ணு பார்க்கப் போறோம். கமலா பாட்டுக்கு ஆத்தோட இருக்கட்டும், யார் போன்னா?”

கமலா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

7, புதன்

சோதனை பலித்தது. முள்ளெலி முட்டைகளை அரைமணி கடல்நீரில் ஊறவைத்து, வடித்து எடுத்துவிட்டேன். மிச்சம் வெறும் தண்ணீர். சோம்பிக் கிடந்த முள்ளெலி விந்தணுக்கள் மேல் அதில் ஒரு துளி. உடனே ஓட்டம், கூட்டம் கூட்டமாக. சாதாரணக் கடல்நீர் விட்டால் அப்படியில்லை. முட்டையிலிருந்து ஏதோ கசிகிறது. நான்கு தடவை பார்த்தேன். புரொபஸர் முதுகில் தட்டினார். சந்தோஷப்பட வேண்டியது. நான் பட்டதாகத் தெரியவில்லை.

இரவு சாதம் குழைந்திருந்தது.

9, வெள்ளி

மற்றவர்கள் வருமுன் லாபரேட்டரி. வீட்டிலிருந்து சிறு குப்பியில் என்னுடையது, மடியில் சூடு போகாமல்.

லென்ஸில் நாலைந்து. அசையவில்லை. மைக்ராஸ்கோப்பில் கோளாறோ என்று முள்ளெலியுடையதை வைத்தேன். ஓடின.

பிறகு என்னுடையதில் முட்டை ஊறிய நீர் ஒரு துளி விட்டேன். பைத்தியக்காரத்தனம். தெரிந்துதான் விட்டேன். ஒன்றும் அசையவில்லை.

கண்ணாடியை இரண்டு தரம் கழுவினேன். பசித்தது.

10, சனி

அபிராமபுரத்து டாக்டர், பள்ளியில் என்னோடு படித்தவன். அவனும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தான்.

“சின்ன வயசில பொன்னுக்கு வீங்கி வந்துதா?”

“பதினாறில. கீழேயும் வீங்கித்து.”

“அதான்.”

“மருந்து?”

இல்லையென்று தலையாட்டினான். மோர் கொடுத்தான்.

11, ஞாயிறு

வெயில். வாசலில் ஜட்கா வண்டி. அம்மா தட்டில் பூ பழத்தோடு தயார். கூடத்தில் நின்று சொன்னேன். “குறை எனக்கு. கமலாவுக்கு இல்லை.”

“வாயை மூடு. தெருவுல கேக்கப் போறது.”

“டாக்டரும் பார்த்தாச்சு அம்மா. எத்தனை கல்யாணம் பண்ணினாலும் இப்படித்தான்.”

அம்மா தட்டோடு அப்படியே உட்கார்ந்தாள்.

கமலா சமையலறை வாசலில். “எப்போ தெரியும்?”

“வெள்ளிக்கிழமை.”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை.”

ஜட்காவைத் திருப்பி அனுப்பினேன். திரும்பி வந்தபோது அவள் தனக்கு இலை போட்டு உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முன்னால் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அம்மா எழுந்து போய்ப் பரிமாறினாள்.

கமலா ரசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.