திரும்பி இறங்கும் ரத்தம்

பிப்ரவரி 3
இன்று கடையில் மூன்று பேருக்குத் தலை பின்னி முடித்தேன். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நின்ற இடத்திலேயே நின்றேன். இடது கணுக்காலுக்கு மேலே உள்ள புண் ஐந்து மாதமாகியும் ஆறவில்லை. எதிர்க்கடை நகிட்டோ என் கடை வாசலில் எதையோ புதைத்திருக்கிறாள், நான் மிதித்துவிட்டேன். அவளும் முடி பின்னுகிறவள்தான். அவள் கடை போட்ட மாதம்தானே புண்ணும் வந்தது? அவள் சூனியம் வைத்துவிட்டாள் என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 9
அவள் பெஞ்சு காலி. சூனியக்காரியிடம் தலையைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? எழுதக் கூசுகிறது, ஆனால் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 16
காலுக்கு ஓய்வு வேண்டும் என்று நடப்பதையே விட்டுவிட்டேன். பத்து நிமிட வழிக்கும் மோட்டார் சைக்கிள் டாக்ஸி. இருந்தும் வீக்கம் கூடுகிறது. சூனியம் எடுக்க மந்திரித்துக் காலில் கட்டிய கயிறு சதைக்குள் பதிந்து கிடக்கிறது.

பிப்ரவரி 20
வலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனேன். பிரூங்கி என்ற நர்ஸ் முதலில் கயிற்றை வெட்டிப் போட்டார். படுக்க வைத்துக் காலைத் தூக்கினார். புடைத்திருந்த ரத்தக்குழாய் தட்டையானது. தொடையில் விரலால் அழுத்திக்கொண்டு நிற்கச் சொன்னார். தட்டையாகவே இருந்தது. விரலை எடுத்தார் — என் கண்ணெதிரே மேலிருந்து கீழாகப் புடைத்துக்கொண்டு வந்தது!

"மேல போற ரத்தம் திரும்ப இறங்காம இருக்க உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கும்மா. உங்களுக்கு அது சரியா மூடல, ரத்தம் கீழயே தேங்குது, அதான் புண்ணு ஆறல. நரம்புச் சுருட்டுன்னு சொல்வாங்க."

நடந்தால் கெண்டைச்சதை இறுகி ரத்தத்தை மேலே தள்ளுமாம். நாள் முழுக்க அசையாமல் நின்றால் யார் தள்ளுவது? வாசலில் எதையாவது மிதித்தால் இப்படி வருமா என்று கேட்டேன். எத்தனை வருடமாக நின்று வேலை என்று திருப்பிக் கேட்டார். இருபத்திரண்டு என்றேன்.

"அப்ப நீங்க மிதிச்சது அந்த இருபத்திரண்டு வருஷத்தத்தான்."

பாதத்தில் நாடி பார்த்து, விரலடியிலிருந்து முழங்கால் வரை இறுக்கக் கட்டுப் போட்டார். தினமும் நடக்க வேண்டுமாம்.

பிப்ரவரி 21
ஐயோ, அந்தப் பெண்ணை என்ன செய்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 27
புண் நகம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தினமும் நடக்கிறேன், அவள் கடையைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு. கோழை. மாதக் கடைசியில் அவள் கடையைக் காலி செய்கிறாளாம்.

மார்ச் 28
போனேன். எங்கள் வழக்கப்படி மாமியார் முன்னால் மண்டியிடுகிற மாதிரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள் முன்னால் மண்டியிட்டேன். நான் சொன்னது பொய், என் கால்தான் கெட்டது என்றேன். அவள் என்னைத் தூக்கிவிடவில்லை.

"எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா அக்கா? நீங்க சந்தை முழுக்கச் சொன்னீங்களே. உக்காருங்க, தலையக் குடுங்க. நான் பின்னுற பின்னலோட ஒவ்வொரு கடையா நடங்க."

மூன்று மணி நேரம், நர்ஸ் சொல்லித் தந்த மாதிரி குதிகாலை ஏற்றி இறக்கியபடி உட்கார்ந்திருந்தேன். வெடுக்கென்று இழுத்து இழுத்துப் பின்னினாள், வலித்தது. உதிர்ந்த முடி சூனியம் வைப்பவர் கையில் சிக்குமோ என்று இங்கே எல்லோரும் பொறுக்கி எடுத்துப்போவார்கள். நான் அதை அவள் தரையிலேயே விட்டு எழுந்தேன். அவள் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்தாள்.

பிறகு சந்தையில் ஒரு வரிசை விடாமல் நடந்தேன். யார் பின்னியது என்று கேட்டவர்களிடம் நகிட்டோ என்றேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.