பதினேழாம் எண்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டிம்மாவும் நலம் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். நீ எழுதித் தெரிந்துகொள்வதென்றால் எனக்குத் தலை முழுக்க நரைத்துவிடும். ஃபோன் செய்தால், "ஷிப்ட்ல இருக்கேன்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பழையபடி காகிதமும் பேனாவும்.

இங்கே புது வேலை வந்திருக்கிறது. வெளியே சொல்லக்கூடாதுதான். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஒரு ஃபைலை நீ திறந்தால் எழுத்தும் கட்டமும் தெரியும். நான் திறந்தால் அதன் உள்கட்டு தெரியும். இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை, இதை உருவாக்கியவர் இன்னார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக் இருக்கும், சட்டைக் காலருக்குள் தைத்த துணித்துண்டு போல. என் ப்ரோகிராம் ஆயிரக்கணக்கான ஃபைல்களில் அந்தத் துண்டுகளை மட்டும் படித்து எது எதோடு சேரும் என்று சொல்லிவிடும்.

ஏதோ ஒரு தொழிற்சாலையாம். யாரோ பெயர் போடாமல் அவர்களைப் பற்றி ஒரு புகார் ஃபைல் அனுப்பிவிட்டார்களாம். தங்கள் ஆபீஸ் ஃபைல்கள் அத்தனையையும் வக்கீல் மூலம் எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள், எழுதியது யார் என்று கண்டுபிடிக்க. நாங்கள் எதையும் படித்துவிடக் கூடாதென்று எழுத்தையெல்லாம் புள்ளியாக மாற்றிவிட்டார்கள். ஆட்களின் பெயருக்குப் பதில் எண். எலும்புக்கூடு மட்டும்தான் எங்களுக்கு. இவளுக்கு அதுவே போதும் என்று எங்கள் மேலதிகாரி என்னைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்கிறார்.

குட்டிம்மாவுக்கு இருமல் விட்டதா? எழுது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதுகிறேன். நரை விழுந்தால் நான் பொறுப்பில்லை.

குட்டிம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. என் வீட்டுக்காரிக்குத்தான் தூக்கம் இல்லை. என் வேலை அதேதான்: தொழிற்சாலையிலிருந்து வெளியே போகும் தண்ணீரைக் குப்பியில் பிடிப்பது, லேபில் சோதிப்பது, எண்ணைப் பதிவது. பக்கத்து நாற்காலியில் ரேடியோ அண்ணன். ஷிப்ட் அறிக்கை தயாரிப்பவர், உனக்குச் சொல்லியிருக்கிறேனே. வாயை மூடினால் உயிர் போய்விடும் என்பது போலப் பேசுவார். நேற்று அவர் மனைவி வந்து, "இவரை வீட்டுக்கு அனுப்பாதீங்க தம்பி, ரெண்டு நாளாவது காது ஆறட்டும்" என்றார்கள்.

உன் வேலையைப் பற்றிப் படித்தேன். சும்மா கேட்கிறேன். எழுதியவன் தன் பெயரை அழித்துவிட்டால்? வேறு ஒருவருடைய பழைய ஃபைலை எடுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் நீக்கிவிட்டு எழுதியிருந்தால்? அப்போதும் தெரியுமா? அந்தத் தொழிற்சாலை எந்த ஊரில் என்றாவது சொன்னார்களா?

ஆர்வத்தில் கேட்கிறேன், அவ்வளவுதான். ஆனால் சீக்கிரம் எழுது.

தம்பி


பிப்ரவரி 18

அன்புத் தம்பிக்கு,

பள்ளிக்கூடத்தில் கணக்கென்றால் காய்ச்சல் வருமே உனக்கு, இப்போது இத்தனை கேள்வியா! சந்தோஷமாக இருக்கிறது.

பெயரை அழிப்பதெல்லாம் வீட்டு வாசலைக் கூட்டுவது மாதிரி. உள்ளே குப்பை அப்படியே இருக்கும். ஒரு படிவத்தை முதலில் உருவாக்கியவரின் அடையாளம், அதை எத்தனை பேர் நகலெடுத்தாலும் ஒட்டிக்கொண்டே போகும். அந்தப் புகார் ஃபைலில் அப்படி ஒட்டியிருந்தது பதினேழாம் எண். ஒரே ஓட்டத்தில் ப்ரோகிராம் பிடித்துவிட்டது. போன வாரமே முதல் அறிக்கை கொடுத்தாயிற்று. மேலதிகாரி எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். கஞ்சர் கை விரிந்ததே பெரிய செய்தி.

ஊர் பெயரெல்லாம் எங்களுக்குச் சொல்வதில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

உன் கடிதத்தில் எழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

ரேடியோ அண்ணனை மேலே கூப்பிட்டார்கள். நாங்கள் மதியம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். செக்யூரிட்டி ஆள் ஒருவர் வந்து, "சார், கொஞ்சம் மேல வாங்க, கையெழுத்து ஒண்ணு" என்றார். அண்ணன் டப்பாவைத் திறந்தபடியே வைத்துவிட்டு, "யாரும் என் பங்கத் தொடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே போனார். சாயங்காலம் வரை அந்த டப்பா அப்படியே இருந்தது. பிறகு அவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்திலிருந்த என் கையிலிருந்து குப்பி நழுவி உடைந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அது திட்டுவதைவிட மோசம்.

இரண்டு நாள் கழித்து, ஃபைல் திருடியதாகப் போலீசில் ஒப்படைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. எங்கள் தெரு முனையில் புதிதாக இரண்டு ஆட்கள் பைக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் குட்டிம்மாவைப் பள்ளிக்கு அனுப்பப் பயப்படுகிறாள்.

உன் பதினேழாம் எண் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. ஷிப்ட் அறிக்கைக்கான படிவத்தை முதலில் செய்தவர் அவர்தான். லேபில் எல்லோரும் அதைத்தான் நகலெடுக்கிறோம்.

ஃபோன் செய்யாதே. என்னிடம் இருப்பது அவர்கள் கொடுத்த ஃபோன்.

தம்பி


மார்ச் 3

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கமே போகவில்லை. கீழே பைக் நிற்குமோ என்று பயம். யாரும் இல்லை. ஆனாலும் திரையை மூடியே வைத்திருக்கிறேன்.

மறுநாள் ஆபீஸில் அந்த ஃபைலை மறுபடி திறந்தேன். இந்த முறை ப்ரோகிராமை நம்பவில்லை. ஒவ்வொரு டேக்காக நானே படித்தேன். ஒருவர் உட்கார்ந்து திருத்தி எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் ஃபைலுக்குள் ஒரு சின்ன எண் விழும். அந்த எண்களில் ஒன்றுகூடப் பதினேழாம் ஆளின் மற்ற ஃபைல்களில் இல்லை. முப்பத்தொன்றாம் ஆளின் ஃபைல்களில் இருக்கின்றன.

அட்டவணைகளின் வடிவத்துக்கு நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். அதை மறைக்க அந்த வக்கீல்களுக்குத் தோன்றவில்லை. முப்பத்தொன்று வைத்திருந்த பெயர், "வாலு." உன்னை நான் அப்படிக் கூப்பிட்டது நம் வீட்டுச் சுவருக்குள் மட்டும்தானேடா. கண்ணாடி போட்டிருந்தும் எனக்குத் திரை தெரியவில்லை. பக்கத்திலிருந்த பெண், "என்ன மேடம், லோ பிரஷரா?" என்று தண்ணீர் கொடுத்தாள்.

ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டேன். இப்போது நான் சொல்வதைக் கேள். யாரிடமும் வாய் திறக்காதே. லீவு போடாதே, ஓடாதே, வழக்கம்போல வேலைக்குப் போ. எங்கள் மேலதிகாரி உறுதிச் சான்று ஒன்றில் கையெழுத்துக் கேட்கிறார், எழுதியவர் பதினேழு என்று. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா போனபோது உனக்கு ஆறு வயது. அன்றிலிருந்து நான்தானே பார்த்துக்கொள்கிறேன்.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

அக்கா


மார்ச் 7

அக்கா,

நீ கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டி மழைக்காலத்திலிருந்தே ஓடவில்லை. மோட்டார் துருப்பிடித்துக் கிடக்கிறது. நான் பதியும் எண்ணை மேலே யாரோ மாற்றி, பழைய நல்ல எண்ணை அனுப்புகிறார்கள். மதிலுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகள். அங்கே குழந்தைகளுக்குக் கைத்தோல் ஈரக் காகிதம் மாதிரி உரிகிறது. ஒரு பெண் தன் மகன் கையை எங்கள் கேட் கம்பி வழியாக நீட்டிக் காட்டினாள். செக்யூரிட்டி கம்பைத் தட்டி விரட்டினான். அன்றைக்குத்தான் எழுதினேன். ஆய்வுத் துறைக்கு அனுப்பினேன். அங்கே யார் கொடுத்தார்களோ, அது நேராக எங்கள் மேலாளர் மேசைக்கே வந்துவிட்டது.

நேற்று அண்ணனின் மனைவி வீட்டுக்கு வந்தார்கள். லாக்கப்பில் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். உட்காரவில்லை. "ஒரு காது கேக்கலங்கறாரு தம்பி. வாயெல்லாம் வீங்கியிருக்கு. படிவத்தை யார் யார்கிட்ட குடுத்தேன்னு கேட்டுக் கேட்டு அடிக்கிறாங்க. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு: 'லேப் தம்பி வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு, அவங்களப் போய்ப் பாத்துட்டு வா'ன்னு."

அவருக்குத் தெரியும், அக்கா. அந்த மனுஷன், மூச்சுக்கு முன்னூறு வார்த்தை பேசுகிறவர், என் பெயரைச் சொல்லவில்லை.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இவளையும் குட்டிம்மாவையும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அண்ணி ஒரு வக்கீலம்மாவைப் பிடித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.

நீ எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தச் சான்றில் கையெழுத்துப் போடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நான் ஐந்தாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வக்கீலம்மாவிடம் போகாதே. போயிருந்தால் திரும்பி வந்துவிடு. உன்னை அந்த லாக்கப்புக்குள் போலீஸ்காரர்கள் உட்கார வைத்திருப்பது போலவே எனக்குக் கண்ணில் படுகிறது. எதுவும் சாப்பிட முடியவில்லை. ஒரு வரி எழுது. உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். நீதிமன்றம் வேறு ஆட்களை அனுப்பித் தண்ணீர் எடுக்கச் சொன்னது. தொட்டி வறண்டு, அடியில் செடி முளைத்திருந்ததைப் படம் எடுத்தார்கள். அண்ணன் ஜாமீனில் வந்துவிட்டார். இடது காது இனிக் கேட்காதாம். என்னைப் பார்த்ததும், "நல்லதாப் போச்சு, இனி வீட்டுக்காரி திட்டுறது பாதிதான் விழும்" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்கு வேலை போய்விட்டது. பைக் ஆட்கள் இப்போது மாமியார் வீட்டுத் தெருவில் நிற்கிறார்கள்.

ஆனால் வழக்கு முடியவில்லை. லேப் ஆள் பொய் சொல்லி உண்மைக் குற்றவாளியைக் காப்பாற்றுகிறான், இதோ நிபுணரின் சான்று என்று தொழிற்சாலைக்காரர்கள் ஒரு தாளை நீட்டுகிறார்கள். கடைசியில் உன் கையெழுத்து. அந்தக் கோணல் சுழியை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். அண்ணி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். "யாரு தம்பி இந்தப் பொம்பளை? நம்ம மேல இவளுக்கு என்ன கோபம்?" என்று கேட்டார்கள். என் அக்கா என்று நான் சொல்லவில்லை.

நீ எனக்காகத்தான் செய்தாய். அது தெரியாதவனில்லை நான். முப்பத்தொன்று என்று தெரிந்த பிறகு பதினேழு என்று எழுதியிருக்கிறாய். தெரியாமல் எழுதிய முதல் அறிக்கையை என்னால் மறந்துவிட முடியும். இதை முடியவில்லை. என் உயிருக்கு ஈடாக நீ வைத்த உயிர், எனக்காக அடி வாங்கிய மனிதருடையது.

இப்போதைக்கு எழுதாதே, அக்கா.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். ஏப்ரலிலும் மேயிலும் எழுதி எழுதிக் கிழித்தேன். இதை மட்டும் அனுப்புகிறேன். பதில் போட வேண்டாம்.

உன் கடிதம் வந்த வாரமே மேலதிகாரியிடம் போய், சான்று தவறு, எழுதியது முப்பத்தொன்று, திருத்த வேண்டும் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "முப்பத்தொண்ணு உங்களுக்கு என்ன உறவுன்னு நான் கேக்கல மேடம். அவங்க கேட்டா என்ன சொல்வீங்க? வீட்டுக்குப் போங்க. நல்லா யோசிங்க" என்றார். மறுநாள் என் அட்டைக்குக் கேட் திறக்கவில்லை. அன்று முதல் யாரோ ஃபோன் செய்து எதுவும் பேசாமல் வைத்துவிடுகிறார்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ இத்தனை நாள் எப்படி இருந்திருப்பாய் என்று இப்போதுதான் புரிகிறது.

பிறகு உங்கள் வக்கீலம்மாவின் முகவரியைத் தேடி நானே எழுதினேன். நான் யார் என்றும் எழுதினேன். நீ சொல்லவில்லை என்று தெரிந்ததால் நானே சொல்ல வேண்டியிருந்தது. வரும் பதினான்காம் தேதி சாட்சி சொல்ல அழைத்திருக்கிறார்கள். பொய்ச் சான்று கொடுத்தது குற்றம், உங்களையும் உள்ளே வைக்கலாம் என்று அவர் மறைக்காமல் சொன்னார். ஃபைலின் உள்கட்டை நீதிபதிக்கு ஒவ்வொரு டேக்காக விளக்குவேன். எந்த இடத்தில் ப்ரோகிராம் தவறியது, எந்த இடத்தில் நான் பொய் சொன்னேன் என்று இரண்டையும் பிரித்துச் சொல்வேன். பிறகு என்ன வந்தாலும் வரட்டும்.

ரேடியோ அண்ணனின் மனைவியும் அங்கே இருப்பார்கள். என்ன கோபம் என்று கேட்டார்களே, அவர்களிடம் பேச எனக்கு முகம் இல்லை. என் சாட்சியம்தான் பதில்.

நீயும் வருவாய். என்னிடம் வந்து நிற்க வேண்டாம், பேச வேண்டாம். எனக்கு அந்த உரிமை போய்விட்டது. ஆனால் சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூட்டத்தின் முன் குரல் நடுங்கும், தெரியும் அல்லவா? அப்போதெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் உன் முகத்தைப் பார்த்துப் பேசி முடித்துவிடுவேன். அன்றைக்கு எங்கே பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

அக்கா