கோன் அளவு ஜன்னல்

இல்லை, அடுப்பைச் சாம்பலால் மூடினால் மட்டும் போதாது. நெருப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நீ அங்கிருந்துதான் ஆரம்பிப்பாய்.

இன்று சாயங்காலம் அந்த வாசம் வந்தது. பாலியஸ்டர் கருகும் வாசம். நீ குடியிருந்த அறையிலிருந்து.

பனியன் கம்பெனிகள் நிறைந்த இந்த ஊரில் அடுப்புப் பற்றவைக்க எல்லோரிடமும் கட்டிங் வேஸ்ட், வெட்டி மிஞ்சிய துணித் துண்டு, இருக்கும். நீ மட்டும்தான் அதைச் சோதித்தாய். ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவாய். சாம்பலாக உதிர்ந்தால் காட்டன், அடுப்புக்கு. உருகி மணியாகத் திரண்டால் குப்பைக்கு.

"கம்பெனியிலதான் நாள் பூரா செக்கிங். ஊட்டுக்கு வந்துமா புள்ள?"

"அங்க தப்பா பாஸ் பண்ணுனா துணி வாங்கற பையர் திட்டுவான். இங்க பாஸ் பண்ணுனா உம் பையன் இருமுவான்."

என் பையனுக்கு அப்போது நாற்பது நாள். மார்கழி. எப்போது எழுந்தாலும் வெந்நீர் வேண்டும். லைன் வீட்டில் அடுத்த கதவு உன்னுடையது. என் வயதுதான் உனக்கும். உன் அடுப்பு வெளியே, வாசல் தகரத்தின் கீழே. படுக்கும் முன் புகையும் கட்டைகளை வெளியே இழுத்து அணைப்பாய். சுற்றிலும் துணி, சுள்ளி இல்லாமல் கூட்டுவாய். கங்குகளைச் சாம்பலால் போர்த்தி, மேலே தண்ணீர்ப் பானை. விடியும்வரை சூடு.

ஒரு ராத்திரி குளிர் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட். உன் அடுப்பிலிருந்து கங்குகளைச் சட்டியில் அள்ளி என் அறைக்குள் வைத்தேன். புகையே இல்லை. ஜன்னலைச் சாத்தினேன். கதவுக்கும் தாழ் போட்டேன். சுத்தமான சூடு என்று நினைத்தேன். எம்.ஏ. படித்தவள்.

நீ தண்ணீர் மொள்ள வந்து, அடுப்பில் கங்கு இல்லாததைப் பார்த்திருக்கிறாய். கதவு அதிர்ந்தது. தலை சுற்றியது. தாழை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. பையனைத் தூக்கிக்கொண்டு நீ வாசலுக்கு ஓடினாய். அவன் வீறிட்டான். நீ சிரித்தாய். பிறகு அழுதாய். அப்போதே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். ஆட்டோவில் ஒன்றே ஒன்று சொன்னாய்:

"பொகையின்னா கண்ணு எரியும், எந்திரிச்சுக்குவே. இந்தக் கங்கோட விஷக் காத்து சொல்லாம கொள்ளாம வரும் புள்ள."

மறுநாள் கம்பெனியிலிருந்து நூல் சுற்றும் அட்டைக் கூம்பு, ஒரு காலி கோன் கொண்டுவந்தாய். என் ஜன்னல் கதவு மூடாதபடி இடையில் செருகினாய்.

"இது கீழ விழுந்தா நானு வருவேன்."

விழவே இல்லை. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நான்கு நாள் காய்ச்சல். அவ்வளவுதான். கோனின் அட்டை நைந்துவிட்டது. பல ராத்திரிகள் அதைத் தட்டிவிடலாமா என்று நினைத்திருக்கிறேன்.

உன் அறையில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த பெண். கைக்குழந்தைக்காரி. இன்று மழை, அதனால் இரும்பு அடுப்பை உள்ளே வைத்துவிட்டாள். ஜன்னல் சாத்தியிருந்தது. நீ தட்டியது போலவே தட்டினேன்.

"டண்டா, தீதி," என்று குழந்தையைக் காட்டினாள். குழந்தைக்குக் குளிர்கிறதாம்; தீதி என்றால் அக்கா.

என்னிடம் அவ்வளவு இந்தி இல்லை. மூக்கைப் பொத்திக் காட்டினேன். குழந்தையைக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. ஈரச்சாக்கால் பிடித்து அடுப்பை இருவருமாக வாசல் தகரத்தின் கீழே வைத்தோம். அவள் அடுப்புக்கு வைத்திருந்த வேஸ்ட் துணி மூட்டையிலிருந்து ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். மணியாகத் திரண்டது.

பிறகு என் ஜன்னலிலிருந்து கோனை எடுத்துவந்து அவள் ஜன்னலில் செருகினேன். என் ஜன்னலுக்கு ஒரு விறகுத் துண்டு வைத்தேன்.