இத்தாவில் எடுத்த படம்

8.2.2009

இத்தாவில் எட்டாம் நாள். புருஷனை இழந்தவள் இன்னும் நான்கு மாதம் வாசல் தாண்டக் கூடாது. வெள்ளைச் சேலை, ஒரே அறை, ஒரே ஜன்னல். அதற்கும் மருமகள் ரெஹானா திரை கட்டிவிட்டாள். மூன்றாவது வரை படித்தது இதற்காவது உதவுகிறது, பேத்தியின் பழைய டைரியில் எழுதுகிறேன்.

அவர் மௌத்தான அன்றும் நான் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் என் கண்ணையே பார்த்தார்கள். பார்க்கட்டும். 1974, ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. தேவாரத்தில் என் அம்மா மௌத்து. "தக்காளி லோடை ஏத்தி விட்டுட்டுப் போவோம்" என்றார் இந்த ஷேக் மைதீன். போய்ச் சேர்ந்தபோது மய்யத்தை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவர் வெளியே கிளம்பும்போது "போயிட்டு வாங்க" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. முப்பத்து நாலரை வருடம். சோறு போட்டேன், துணி துவைத்தேன். அந்தச் சொல்லை மட்டும் கொடுக்கவில்லை.

10.2.2009

தோப்பில் அவர் விழுந்து உயிர் போனபோது கழன்ற செருப்பை இன்றுதான் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். திரை இடுக்கில் பார்த்தேன். அப்போதிருந்து நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி. சொன்னால் ஆஸ்பத்திரி என்பார்கள். வாசல் தாண்டினால் இத்தா முறிந்துபோகும். சொல்ல மாட்டேன்.

11.2.2009

மூச்சு— முடியல.

15.2.2009, மதுரை

ரெஹானாதான் கண்டுபிடித்தாள். "மாமி, உதடெல்லாம் நீலமாயிருக்கு!"

"வாசல் தாண்ட மாட்டேன்டி. அங்கிட்டுப் போ."

மகன் ரியாசுதீன் பள்ளிவாசலுக்கு ஓடிப்போய்க் கேட்டு வந்தான். "வைத்தியத்துக்குப் போனா முறியாதாம்மா. ஹஜ்ரத்தே சொல்லிட்டாக. எந்திரிம்மா!"

ஒரு நாள் முழுக்க வீணாக மறைத்திருக்கிறேன். துப்பட்டியால் மூடி வேனில் ஏற்றினார்கள். தேனியில் ஈசிஜி பார்த்து, அட்டாக் என்று இங்கே அனுப்பினார்கள். கை வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். ரத்தக்குழாயில் அடைப்பே இல்லையாம்.

பிறகு ஒரு பெண் டாக்டர் நெஞ்சில் பசை தடவி எக்கோ பார்த்தார். திரையில் என் நெஞ்சு! மேல்பக்கம் சுருங்கி விரிகிறது. அடிப்பக்கம் குடம் மாதிரி உப்பி, அசையாமல் கிடக்கிறது.

"இது அட்டாக் இல்ல பாட்டி. பெரிய துக்கம் வந்தா சில பேருக்கு இப்படி ஆகும். வீட்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"மாமா மௌத்தாகி ரெண்டு வாரம் ஆச்சு டாக்டர்" என்றாள் ரெஹானா.

"அதுக்கெல்லாம் எனக்கு வராது."

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "வந்திருக்கே பாட்டி."

ரெஹானா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னமோ நான் திருடி அகப்பட்ட மாதிரி இருந்தது.

21.2.2009

மறுபடியும் அறை, திரை. இப்போது மாத்திரையும் காவலுக்கு.

"அத்தா செருப்பை யாருக்காச்சும் குடுத்துரவா?" என்றான் ரியாசுதீன்.

"தொட்டீன்னா கையை ஒடிச்சிருவேன்."

3.3.2009

எழுதித்தான் தீர வேண்டும். கடைசி நாள் காலையிலும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தொப்பியைச் சரி செய்கிற மாதிரி. தினமும் நிற்பார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பாவி— நானா, அவரா?

27.3.2009

திரும்ப எக்கோ. "நல்லாச் சுருங்குது பாட்டி. பழைய வீக்கம் துளிகூட இல்ல."

அதற்குள்ளேயா? பழைய படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

10.6.2009

நேற்றோடு இத்தா முடிந்தது. தேவாரத்தில் தம்பி வீட்டுக்குப் போகலாம் என்று காரில் ஏறினேன். அவரை அடக்கிய மையவாடி வந்ததும் நிறுத்தச் சொன்னேன். உள்ளே பெண்கள் போவதில்லை. சுவர் ஓரம் நின்று, யாருக்கும் கேட்காமல் சொன்னேன்:

"போயிட்டு வாங்க."

"என்னம்மா?" என்றான் ரியாசுதீன்.

"ஒண்ணுமில்லடா. வண்டியை வீட்டுக்குத் திருப்பு. தேவாரம் இன்னொரு நாள் போவோம்."